உகைர் 1922: எல்லையை வகுத்தது சிவப்புப் பென்சிலா, கிணறுகளா?

மணற்கேணி:
சவூதி, இராக், குவைத் எல்லை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கதை வருகிறது. 1922 கடைசியில், ஹசா கடற்கரையில் (இன்றைய சவூதியின் கிழக்குக் கரை) உகைர் என்ற சின்னத் துறைமுகத்தில், இராக்கில் பிரிட்டனின் உயர் ஆணையராக இருந்த சர் பெர்சி காக்ஸ் கூடாரம் போட்டு உட்கார்ந்தார், சிவப்புப் பென்சிலை எடுத்தார், ஒரே இழுப்பில் மூன்று தேசத்துக்கும் எல்லை போட்டுவிட்டார் என்று. இது எவ்வளவு தூரம் சரி? அப்படியே ஒரே ஆள் முடித்தார் என்றால் நடுவில் யாருக்கும் கொடுக்காமல் இரண்டு துண்டு நிலத்தை ஏன் விட்டார்? எல்லை தீர்ந்த பிறகும் ஐந்தே வருடத்தில் இராக்கின் புசையா கிணற்றில் ஏன் வெட்டுக்குத்து? ஒப்பந்த வாசகங்களைப் படித்தவர்கள் விரிவாக எழுதினால் நல்லது.

வரைபடப்பித்தன்:
பென்சில் கதைக்கு ஆதாரம் பிரிட்டிஷ் அதிகாரி ஹரால்டு டிக்சன். அவர் அந்தக் கூடாரத்தில் இருந்தவர்தான். ஆனால் அவருடைய நூல் வெளிவந்தது 1956இல். ஐந்து நாள் வாய்ச்சண்டைக்குப் பிறகு ஆறாம் நாள் காக்ஸ் பொறுமை இழந்தார், நஜ்தை (நடு அரேபியாவை) ஆண்ட இப்னு சவூதைப் பள்ளிப் பையனைக் கண்டிப்பதுபோலக் கண்டித்தார், தானே கோட்டைப் போட்டார் என்பது அவர் தரும் சித்திரம். காட்சி நடந்திருக்கும். ஆனால் அந்தக் கோட்டின் பெரும்பகுதி அந்தக் கூடாரத்தில் பிறந்ததல்ல. அதற்கு முன்பே மூன்று தாள்கள் மேசையில் இருந்தன.

முதலாவது, 1913 ஜூலை 29 அன்று பிரிட்டனும் உதுமானியரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை. குவைத் நகரை மையமாக வைத்து, வடக்கே கோர் சுபைர், தெற்கே குரைன் வரை ஓர் அரைவட்டம். வரைபடத்தில் சிவப்புக் கோடு. அதற்குள் ஷேக்கின் நேரடி ஆட்சி. அதற்கு வெளியே பச்சைக் கோடு. அதற்குள் இருக்கும் குலங்கள் ஷேக்குக்குக் கட்டுப்பட்டவை. உலகப் போர் வந்ததால் இது ஒப்புறுதி பெறவே இல்லை.

இரண்டாவது, 1915 டிசம்பர் 26 அன்று காக்ஸும் இப்னு சவூதும் செய்துகொண்ட தாரின் ஒப்பந்தம். நஜ்து, ஹசா, கதீஃப், ஜுபைல் அவருடையவை என்று பிரிட்டன் ஏற்றது. எல்லை எங்கே என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டது. உகைர் அந்த ‘பிறகு’தான்.

மூன்றாவது, 1922 மே 5, முஹம்மரா ஒப்பந்தம். இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், முக்கியமானது இதுதான். இங்கே நிலத்தைப் பிரிக்கவில்லை, மனிதர்களைப் பிரித்தார்கள். முந்தஃபிக், தஃபீர், அமாரத் குலங்கள் இராக்குக்கு, ஷம்மர் நஜ்துக்கு. அந்தந்தக் குலம் பழங்காலத்திலிருந்து பயன்படுத்தி வந்த கிணறும் நிலமும் அந்தந்த அரசுக்கு. எந்தக் கிணறு யாருடையது என்பதைப் பின்னால் ஒரு குழு தீர்மானிக்கும். இப்னு சவூத் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் பிரதிநிதி அதிகாரம் மீறிவிட்டார் என்றார். தஃபீரும் அமாரத்தும் கைவிட்டுப் போனதுதான் காரணம்.

ராவுத்தர்78:
பித்தன் ஐயா சொன்ன ‘மனிதர்களைப் பிரித்தார்கள்’ என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் உகைரில் நடந்த மோதல் விளங்கும்.

பதூக் (பாலைவன நாடோடி) குலம் ஒவ்வொன்றுக்கும் ‘தீரா’ என்று ஒரு சுற்றுவெளி உண்டு. அதற்கு வேலியும் கிடையாது, நிலையான ஓரமும் கிடையாது. மாரிக்காலத்தில் மழை எங்கே விழுந்ததோ அங்கே மந்தை போகும். பசும்புல் மேயும் ஒட்டகம் வாரக்கணக்கில் தண்ணீரைத் தேடாது. அதனால் அந்தப் பருவத்தில் கிணற்றிலிருந்து வெகுதூரம் விலகிப் போகலாம். கோடையில் நிலைமை தலைகீழ். ஒட்டகத்துக்குச் சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் காட்டியே ஆகவேண்டும். ஆகவே குலம் முழுவதும் வற்றாத கிணறுகளைச் சுற்றிக் கூடாரம் அடித்துவிடும். கோடைக் கிணறு யார் கையில் இருக்கிறதோ, குலத்தின் குடுமியும் அவர் கையில்.

அதனால் அந்த மண்ணில் ஆட்சிக்கு அடையாளம் கோடு இல்லை, ஜகாத் என்ற வரி. ஒரு குலத்தின் மந்தைக்கு யாருடைய ஆள் வந்து ஜகாத் வாங்கிப் போகிறாரோ, அவர்தான் அதிபதி. இப்னு சவூத் உகைரில் கேட்டது இதைத்தான்: எல்லை குலத்தோடு போகட்டும், என் குலம் மேயும் இடம் என் நாடு. காக்ஸ் கேட்டது நிலையான கோடு. இராக்கை மேண்டேட் நாடாக, அதாவது பிரிட்டனின் பொறுப்பில் விடப்பட்ட நாடாக, உலகத்துக்குக் காட்டவேண்டிய பொறுப்பு அவருக்கு.

இப்னு சவூத் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. வடக்கே மேயப் போகும் மந்தைக்குக் கோடு என்ற ஒன்று தெரியவே தெரியாது. ஆனால் ஓர் ஆபத்தும் இருந்தது. குலம் அணி மாறினால் எல்லையும் நகரும். 1921 நவம்பரில் அவர் ஷம்மரின் தலைநகர் ஹாயிலைப் பிடித்ததும் ஷம்மரில் பலர் இராக்குக்குள் ஓடினார்கள். ‘ஷம்மர் என் குலம்’ என்ற விதிப்படி பார்த்தால் யூப்ரடீஸ் கரைவரை அவர் உரிமை கேட்கலாம்.

கிழக்குவாசல்:
கேட்கவும் செய்தார்! டிக்சன் கணக்குப்படி இப்னு சவூதின் தொடக்கக் கோரிக்கை வடக்கே அலெப்போ வரை, யூப்ரடீஸின் வலது கரை முழுவதும். இராக் சார்பில் வந்த அமைச்சர் சபீஹ் பேயும் சளைக்கவில்லை. ரியாதுக்கு 12 மைல் தொலைவு வரை தங்களுடையது என்றார். இரண்டு பேரும் விலையை ஏற்றிச் சொல்லிப் பேரத்தைத் தொடங்கினார்கள் என்றுதான் இதைப் படிக்கவேண்டும். காக்ஸ் உள்ளே புகுந்தது இந்த இழுபறியை முறிக்க.

அவர் கையில் பென்சிலைவிடப் பலமான இன்னொன்றும் இருந்தது: பணம். 1917இலிருந்து இப்னு சவூத் மாதம் 5,000 பவுண்டு பிரிட்டிஷ் உதவித்தொகை வாங்கிவந்தார். ஹசாவையும் நஜ்தையும் நடத்த அது அவருக்கு உயிர்நாடி. காக்ஸ் கண்டித்தபோது இப்னு சவூத் கண் கலங்கினார் என்று டிக்சன் எழுதுவதைப் படிக்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

எனக்கு ஆறாத கோபம் குவைத் விஷயத்தில். குவைத்தின் ஷேக் அஹ்மத் அல் ஜாபிர் உகைருக்கு வரவே இல்லை. அவர் சார்பில் கையெழுத்திட்டது குவைத்தில் இருந்த பிரிட்டிஷ் அரசியல் முகவர் மேஜர் மோர். இராக்குக்காக நஜ்திடம் வாங்கிய நிலத்துக்கு ஈடாகக் குவைத்தின் தென்புறத்தை நஜ்துக்குக் கொடுத்தார்கள். ஷேக் உரிமை கோரிய பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போயிற்று என்று டிக்சனே எழுதுகிறார். 1899 ஜனவரி 23 அன்று ஷேக் முபாரக் 15,000 ரூபாய்க்குக் கையெழுத்திட்டு, பிரிட்டனைக் கேட்காமல் ஒரு சாண் நிலத்தையும் யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அவர் பேரன் அஹ்மதின் நிலத்தை அதே பிரிட்டனின் அதிகாரி அவர் இல்லாத இடத்தில் கொடுத்தார். இதற்குப் பெயர் துரோகம்.

வரைபடப்பித்தன்:
கிழக்குவாசல், நடைமுறை சரியில்லை என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் ‘குவைத்தின் நிலம் போயிற்று’ என்பதில் எந்த நிலம் என்று பார்க்கவேண்டும். போனது பச்சைக் கோட்டுப் பகுதி. அங்கே ஷேக்குக்கு இருந்தது குலங்களின் விசுவாசம்தான். முந்தைய ஷேக் சாலிம் காலத்தில் அது வேகமாகக் கரைந்தது. 1920இல் ஹம்தில் குவைத் படை தோற்றது. அக்டோபர் 10 அன்று முத்தைர் குலத் தலைவர் பைசல் அல் தவீஷ், இப்னு சவூதின் மதப் போராளிகளான இக்வான் படையோடு ஜஹ்ரா கோட்டையை முற்றுகையிட்டார். குவைத் நகரத்துக்கே சுவர் எழுப்பவேண்டி வந்தது. 1922இல் பச்சைக் கோட்டுக்குள் குவைத்தின் ஆள் போய் ஜகாத் வாங்கும் நிலை இல்லை. ராவுத்தர் சொன்ன அளவுகோலின்படி பார்த்தால் அந்த நிலம் ஏற்கனவே கைமாறியிருந்தது.

காக்ஸ் சிவப்பு அரைவட்டத்தைத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். குவைத் ஒப்பந்த வாசகம் இப்படிப் போகிறது: மேற்கே வாதி அல் அவ்ஜா என்ற வறண்ட ஓடை, பாத்தின் என்ற வறண்ட படுகையில் கலக்கும் இடத்தில் தொடங்கி, ரக்கயீயை நஜ்துக்கு விட்டு, நேர்க்கோட்டில் 29ஆம் அட்சரேகையும் சிவப்பு அரைவட்டமும் சேரும் இடம் வரை, பிறகு அந்த அரைவட்டத்தின் விளிம்போடு போய் ராஸ் அல் கலீஆவுக்குத் தெற்கே கடலில் முடியும். ஒப்புறுதியே பெறாத 1913 உடன்படிக்கையின் ஒரு வளைவு அப்படியே சர்வதேச எல்லையாகிவிட்டது. கூடாரத்தில் புதிதாகப் போட்டது குறைவு என்று நான் சொல்வது இதனால்தான்.

கிழக்குவாசல்:
கோட்டைக்குள் முற்றுகையில் இருந்தவனிடம் ‘வெளியே ஜகாத் வாங்கினாயா’ என்று கேட்பது அளவுகோலாகாது. அவனைப் பாதுகாப்பதாகச் சொன்னது யார் என்பதே கேள்வி. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, அடுத்ததற்குப் போவோம்.

தோப்புத்துறையான்:
யாருக்கும் கொடுக்காமல் விட்ட அந்த இரண்டு துண்டு, அதாவது நடுநிலை மண்டலம் பற்றி நான் எழுதுகிறேன். குவைத்தில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு வஃப்ரா, கஃப்ஜி என்ற எண்ணெய் வயல்களின் பெயர்கள் பழக்கம். அந்தப் பக்கம்தான் இது.

இரண்டு மண்டலங்களும் ஒன்றல்ல.

இராக் மண்டலம் சாய்சதுர வடிவம், சுமார் 7,000 சதுர கிலோமீட்டர். அவ்ஜாவும் பாத்தினும் சேரும் இடத்திலிருந்து இரண்டு கோடுகள் கிளம்புகின்றன. தென்கோடு உக்பா என்ற கிணற்றுக்குப் போய் அங்கிருந்து பீர் அன்சாபுக்கு. இது நஜ்தின் எல்லை. வடகோடு அம்காருக்குப் போய்த் திரும்பி அதே பீர் அன்சாபில் சேரும். இது இராக்கின் எல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ளது இரு அரசுக்கும் பொது, எல்லா வகையிலும் சம உரிமை. பெயர்களைப் பாருங்கள்: கிணறு, கிணறு, கிணறு. அதற்கு மேற்கேயும் ஜுமைமா குளம், லிஃபிய்யா கிணறு, மனாயிய்யா கிணறு என்றே கோடு நடக்கிறது. கடைசியில் 32ஆம் அட்சரேகையும் 39ஆம் தீர்க்கரேகையும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜபல் அனாசான். பென்சிலைப் பிடித்தது காக்ஸ். அது எங்கே நின்று திரும்பவேண்டும் என்று சொன்னது கிணறுகள்.

குவைத் மண்டலம் கொஞ்சம் சிறியது, 5,700 சதுர கிலோமீட்டர் அளவு. மேற்கே ஷக் என்ற தாழ்ந்த மேட்டுத் தொடர், கிழக்கே கடல், தெற்கே ஷக்கிலிருந்து ஐன் அல் அப்து வழியாக ராஸ் அல் மிஷாபுக்கு வடக்கே கரையைத் தொடும் கோடு. இங்கே வாசகத்தில் ஒரு முடிச்சு உண்டு: பிரிட்டிஷ் அரசின் நல்லெண்ண உதவியோடு வேறு உடன்பாடு வரும்வரை இரு அரசும் சம உரிமை அனுபவிக்கும். அதாவது தற்காலிகம். அந்தத் தற்காலிகம் நாற்பது வருடத்துக்கு மேல் நீடித்தது.

எண்ணெய் காரணமா என்று கேட்பார்கள். டிக்சன் அப்படி ஓர் உரையாடலைத் தருகிறார். நியூசிலாந்துக்காரர் பிராங்க் ஹோம்ஸ் ஹசாவில் எண்ணெய் தேடும் சலுகைக்காக உகைரிலேயே காத்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை; 1923 மேயில் அது கிடைத்தது, 1924இல் இந்த மண்டலத்துக்கும் சலுகை வாங்கினார். ஆனால் இராக் மண்டலத்துக்கு அந்த விளக்கம் பொருந்தாது. மேய்ச்சலும் தண்ணீரும் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

ராவுத்தர்78:
அடுத்து புசையா. இதற்கு உகைரில் இராக்கும் நஜ்தும் செய்துகொண்ட இராக் நெறிமுறையின் 2, 3ஆம் ஷரத்துகளைச் சேர்த்துப் படிக்கவேண்டும்.

2ஆம் ஷரத்து: பல கிணறுகள் இராக் பக்கம் விழுந்துவிட்டன, நஜ்து அவற்றை இழக்கிறது, ஆகவே எல்லையோர நஜ்துக் குலங்கள் தண்ணீருக்கு இராக் கிணறுகளுக்கு வந்தால் இராக் தடுக்காது. ஒரே நிபந்தனை, அந்தக் கிணறு நஜ்துக்குள் இருக்கும் கிணறுகளைவிட அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடாரம் நகர்ந்துகொண்டே இருக்கும் மக்களுக்கு எந்த இடத்திலிருந்து தூரத்தை அளப்பது? அளப்பவர் யார்? வாசகத்தில் பதில் இல்லை.

3ஆம் ஷரத்து: எல்லையை ஒட்டிய நீர்நிலைகளையும் கிணறுகளையும் இரு அரசும் இராணுவக் காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, கோட்டை கட்டக்கூடாது, படை குவிக்கக்கூடாது. ‘ஒட்டிய’ என்றால் எத்தனை மைல்? எண் இல்லை.

1927 செப்டம்பரில் இராக் அரசு புசையா கிணற்றருகே ஒரு காவல் நிலையம் கட்டத் தொடங்கியது. எல்லையிலிருந்து சுமார் 80 மைல். பாக்தாதின் வாதம்: 80 மைல் எப்படி ‘ஒட்டிய’ ஆகும்? இது கோட்டை அல்ல, போலீஸ் சாவடி. நஜ்தின் வாதம்: ஒட்டகத்தில் வருபவனுக்கு 80 மைல் அண்டை நிலம்தான், கிணற்றுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன் உட்கார்ந்தால் 2ஆம் ஷரத்து தந்த தண்ணீர் உரிமைக்குப் பொருளே இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் தவீஷின் முத்தைர் குலத்தார் இரவில் பாய்ந்து, கட்டடத் தொழிலாளர்களையும் போலீஸாரையும் கொன்றார்கள். 1928 தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் எல்லை தாண்டிக் குண்டு போட்டன. அதே வருடம் ஜித்தாவில் பிரிட்டிஷ் தூதர் கில்பர்ட் கிளேட்டன் இரண்டு முறை பேசிப் பார்த்தார். புசையா கோட்டை விஷயத்திலேயே பேச்சு முறிந்தது.

எண் ஒன்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் நம்பவில்லை. தவீஷுக்கு இப்னு சவூதோடேயே பகை முற்றியிருந்தது. 1929 மார்ச்சில் சபிலாவில் அது போராக வெடித்தது. ஆனால் எண் இல்லாததால் இப்னு சவூத் தவீஷைக் கண்டிக்கவும் முடியவில்லை, ஆதரிக்கவும் முடியவில்லை. ஒப்பந்தத்தின் ஓட்டை கலகக்காரனுக்கு நியாயத்தைக் கொடுத்தது.

மணற்கேணி:
இடையில் பஹ்ரா ஒப்பந்தம் என்று ஒன்று வருகிறதே, அது இதைச் சரிசெய்யவில்லையா?

ராவுத்தர்78:
பாதி செய்தது. 1925 நவம்பர் 1, கிளேட்டன் நஜ்து முகாமில் பேசி முடித்தது. கொள்ளைப் பாய்ச்சலை அரசு தண்டிக்கவேண்டிய குற்றமாக அறிவித்தது, வழக்கு தீர்க்க இருதரப்புத் தீர்ப்பாயம் வைத்தது, எல்லை தாண்டும் குலம் அனுமதி பெறவேண்டும் என்றது. மேய்ச்சலுக்கு என்றால் அனுமதியை மறுக்கக்கூடாது என்றும் சொன்னது. துரத்திக்கொண்டு போகும் படை மறுபக்க அரசின் சம்மதமில்லாமல் எல்லை தாண்டக்கூடாது. மேலே சொன்ன குண்டுவீச்சு இதை மீறித்தான் நடந்தது. கோட்டைக்கு எத்தனை மைல் என்பதை மட்டும் பஹ்ராவும் தொடவில்லை.

கிழக்குவாசல்:
மறுநாள், நவம்பர் 2, அதே கிளேட்டன் டிரான்ஸ்ஜோர்டானுக்காக (இன்றைய ஜோர்டான்) ஹத்தா ஒப்பந்தத்தை முடித்தார். ஜோர்டான் எல்லையின் அந்த உள்வளைவைச் சர்ச்சில் மதுமயக்கத்தில் போட்டார் என்று இணையத்தில் சுற்றுகிறது. அது வெறும் கதை. வாதி சிர்ஹானின் நீட்சிகள் எல்லாம் நஜ்துக்கு இருக்கவேண்டும் என்று ஒப்பந்த வாசகமே சொல்கிறது. அதனால்தான் கோடு 37ஆம் தீர்க்கரேகை வரை உள்ளே போய் மறுபடி 38க்குத் திரும்புகிறது. காஃப் என்ற ஊர் நஜ்துக்கு வந்தது, ஆனால் அங்கே கோட்டை கட்டக்கூடாது. இராக் எல்லையில் ‘ஒட்டிய’ என்று எழுதியவர்கள் இங்கே இடத்தின் பெயரையே எழுதினார்கள். வித்தியாசம் தெரிகிறதா?

வரைபடப்பித்தன்:
தெரிகிறது. வாசகத்தை நிலத்தில் இறக்கும்போது வரும் சிக்கலுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வடக்கே, குவைத்–இராக் எல்லை. 1923 ஏப்ரலில் ஷேக் அஹ்மத் தன் வடக்கு எல்லை பற்றிக் கேட்டதற்குக் காக்ஸ் கடிதத்திலேயே ஒப்புதல் தந்தார். 1932இல் இராக்கும் அதே வாசகத்தை ஏற்றது: பாத்தின் வழியே வடக்கே போய், சஃப்வானின் அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே ஒரு புள்ளி, அங்கிருந்து கிழக்கே, சஃப்வான் கிணறுகள், ஜபல் சனாம், உம் கசர் மூன்றையும் இராக்குக்கு விட்டுத் தெற்கே கடந்து, கோர் சுபைரும் கோர் அப்துல்லாவும் சேரும் இடம் வரை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு நில அளவைக்காரர் என்ன செய்வார்? பாத்தின் கிலோமீட்டர் கணக்கில் அகலமான வறண்ட படுகை. எந்தக் கரை, நடுவா, ஆழமான தடமா? ‘சற்றுத் தெற்கே’ எத்தனை அடி? மேஜர் மோர் சஃப்வானுக்குத் தெற்கே ஓர் அறிவிப்புப் பலகை நட்டு இடத்தைக் காட்டினார். பிறகு பலகை பிடுங்கப்பட்டது, அது நின்ற இடமே சர்ச்சையானது. 1993இல் ஐ.நா. எல்லை ஆணையம்தான் முடித்தது. பாத்தினில் ஆழமான தடத்தை நேர்த்துண்டுகளாக்கி எடுத்தார்கள். சஃப்வானில் பழைய சுங்கச் சாவடிச் சுற்றுச்சுவரின் தென்மேற்கு மூலையிலிருந்து 1,430 மீட்டர் தெற்கே என்று நிறுத்தினார்கள். பாதுகாப்புச் சபை 833ஆம் தீர்மானத்தில் அதை உறுதி செய்தது. எழுபது வருடம் முன்பு ஒரு மூலையும் ஒரு தூரமும் எழுதியிருந்தால் போதும்.

தோப்புத்துறையான்:
மணற்கேணி தனிமடலில் கேட்டதற்கு இங்கேயே பதில்: மண்டலங்கள் இன்றைக்கு இல்லை, ஆனால் ஒன்று முழுதாகப் போகவும் இல்லை.

குவைத் மண்டலத்தில் சம உரிமை என்றால் பிரிக்கப்படாத பாதி. ஒரே நிலத்துக்கு இரண்டு அரசும் தனித்தனியே சலுகை கொடுத்தன: குவைத் தன் பாதியை 1948இல் அமினாயில் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு, சவூதி தன் பாதியை 1949இல் 95 லட்சம் டாலர் முன்பணத்துக்குக் கெட்டியின் நிறுவனத்துக்கு. துளை போடவேண்டும் என்றால் இரண்டு கம்பெனியும் ஒத்துப்போகவேண்டும். 1953இல்தான் வஃப்ராவில் எண்ணெய் வந்தது. பிறகு நகரம், போலீஸ், வரி எல்லாம் வேண்டிவந்தபோது ‘சம உரிமை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து நிர்வாகம் நடத்த முடியவில்லை. 1965 ஜூலை 7 அன்று பிரிவினை ஒப்பந்தம், 1969 டிசம்பரில் நடுக்கோடு. நிலமும் ஆட்சியும் பிரிந்தன; எண்ணெய் மட்டும் பொதுவாகவே இருக்கும் என்று எழுதினார்கள். அதனால்தான் 2014இல் கஃப்ஜியும் 2015இல் வஃப்ராவும் நின்றபோது ஒரு தரப்பு மட்டும் தனியே திறக்க முடியவில்லை. 2019 டிசம்பரில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே உற்பத்தி திரும்பியது.

இராக் மண்டலத்தில் அந்தப் பிரச்சினை எழவில்லை. 1975இல் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட ஒத்துக்கொண்டு, 1981இல் உடன்படிக்கை செய்து முடித்தார்கள். அதற்குப் பின் அச்சான பல வரைபடங்களிலும் அந்தச் சாய்சதுரம் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் அந்த உடன்படிக்கை ஐ.நா.வில் பதிவானது 1991இல்தான். பழைய அட்லஸ் பார்த்துக் குழம்புகிறவர்கள் பதிப்பு வருடத்தை முதலில் பாருங்கள்.